கிருஷ்ணதேவராயர் தனித்து ஆண்டாரா?

கி.பி. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரைப் பற்றித் தமிழில் வழங்கும் பொதுக்கருத்து ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது. துங்கபத்திரைக் கரையில் அமர்ந்து ஒற்றை ஆணையால் தென்னாட்டை இயக்கிய தனிப்பேரரசர் அவர் என்பதும், தமிழகத்தை மதுரை, தஞ்சை, செஞ்சி என மூன்றாகப் பகுத்து நாயக்கர்களிடம் ஒப்படைத்தவர் என்பதும், இஸ்லாமிய அரசுகளுக்கு எதிராக இந்து சமயத்துக்கு அரணாக நின்றவர் என்பதும் அதன் மூன்று கால்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி முடிசூடியதும் அதே 1509இல்தான் என்பதால், மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய முடியரசரின் சாயலை இவர்மேல் ஏற்றிப் பார்க்கும் பழக்கமும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. தெனாலிராமன் கதைகளில் வரும் ஏமாளி ராயரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

தனியாட்சி என்னும் கூற்றை முதலில் எடுத்துக்கொண்டால், அதற்கு எதிரான சான்று தமிழ்க் கல்வெட்டுகளிலேயே ‘நாயக்கத்தனம்’ என்ற சொல்லாகக் கிடைக்கிறது. ஒரு படைத்தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வீரர்களையும் குதிரைகளையும் யானைகளையும் பேணி, அழைத்தபோது அவற்றை அனுப்ப வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு, ஒரு சீர்மையின், அதாவது ஒரு நிலப்பகுதியின், வரி வருவாயை அவரிடம் விட்டுவிடும் ஏற்பாடே அது. தெலுங்கு, கன்னட வழக்கில் அமரம் எனப்படுவதும் இதுவே. 1535ஐ ஒட்டி விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், இத்தகைய தலைவர்கள் 200 பேருக்கு மேல் இருந்ததாகவும், நாட்டின் 120 லட்சம் பொற்காசு வருவாயில் 60 லட்சத்தை அவர்கள் அரசருக்குச் செலுத்தி, எஞ்சியதைப் படைச் செலவுக்கு வைத்துக்கொண்டதாகவும் எழுதுகிறார். தொகைகள் முழு எண்களாக இருப்பதே அவை மதிப்பீடு என்பதைக் காட்டிவிடுகிறது. ஆனாலும் வருவாயில் பாதி கருவூலத்தின் கண்ணிலேயே படாமல் செலவான ஓர் அரசைத் தனியாட்சி என்று அழைப்பது பொருந்தாது.

இதிலிருந்து மறுகோடிக்குத் தாவி, ராயர் சடங்குக்கு மட்டுமே தலைவர், உண்மை அதிகாரம் அத்தனையும் ஊர்களிலும் நாடுகளிலும் இருந்தது என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் குதிரையை மறந்துவிடுகிறார்கள். தென்னாட்டில் நல்ல போர்க்குதிரை வளர்வதில்லை; பாரசீக வளைகுடாவின் ஓர்முசிலிருந்து கடல்வழியாகவே அது வரவேண்டும்; 1510இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் அந்த வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்திருந்தனர். ஆண்டுக்கு 13,000 குதிரைகளை அரசரே வாங்கி, சிறந்தவற்றைத் தம் லாயத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, மற்றவற்றைத் தலைவர்களுக்கு விலைக்குத் தந்து அதிலும் ஆதாயம் பார்த்தார் என்கிறார் நூனிஸ். படை வைத்திருக்கும் கடமை நாயக்கருக்கு, அந்தப் படைக்கு வேண்டிய குதிரையோ அரசர் கையில் என்னும்போது, ஆணையோலையைவிட லாயத்தின் கதவுக்கு வலிமை அதிகம். நாயக்கர்களின் ஆட்கள் தலைநகரில் இருந்துகொண்டு அரண்மனைச் செய்திகளைத் தம் தலைவர்களுக்கு எழுதி அனுப்பியதும், தலைவர்கள் அரசருக்குரிய தொகையை ஆண்டுதோறும் செப்டம்பரில், மகாநவமி விழாவை ஒட்டிச் செலுத்தியதும் இதே பிடியின் மற்ற விரல்கள். ஆகவே ராயரின் ஆட்சி, ஆயுதம் தாங்கிய 200 பேரோடு ஓயாமல் நடந்த ஒரு பேரம். பேரத்தில் தட்டு தம் பக்கம் தாழ்ந்தே இருக்கும்படி 20 ஆண்டுகள் பார்த்துக்கொண்டதில்தான் அவருடைய திறமை இருந்தது.

தமிழகத்தை மூன்று நாயக்க அரசுகளாகப் பகுத்தவர் அவரே என்ற இரண்டாவது கூற்று ஆண்டுக் கணக்கிலேயே இடறுகிறது. அவர் காலத்தில் சோழமண்டலத்தை நிர்வகித்தவர், வீரநரசிங்க நாயக்கர் என்றும் கல்வெட்டுகளில் வழங்கும் செல்லப்பர் என்னும் அந்தணர். தஞ்சை நாயக்க மரபைத் தொடங்கிய செவ்வப்ப நாயக்கரோ ராயருக்குப் பின் பட்டமேறிய அச்சுதராயரின் சகலை, அவர் தஞ்சைக்கு வந்தது 1532ஐ ஒட்டி. நாகம நாயக்கரை அவர் மகன் விசுவநாதரே கைதுசெய்து வந்து மதுரையைப் பரிசாகப் பெற்றார் என்னும் புகழ்பெற்ற கதையும், 72 பாளையங்களின் பகுப்பும் பிற்காலத்து ஏடுகள் வழியாக வந்தவை. ராயர் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியம் ஆண்டாளின் கதையைச் சொல்வது. அதில் ஆளவந்தார் தம் மகனுக்குக் கூறும் அரசநீதியாக அமைந்த பகுதி, கோட்டைகளை அந்தணர் பொறுப்பில் விடுவது நன்று என்கிறது. செல்லப்பரின் நியமனம் அந்த எண்ணத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் ராயர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1531இல், அந்தச் செல்லப்பரே கிளர்ந்தெழ, அச்சுதராயர் தெற்கே படையெடுத்து வர நேர்ந்தது. தஞ்சை நாயக்க அரசு இந்தக் கிளர்ச்சியின் பின்விளைவாகப் பிறந்ததே தவிர, ராயர் வரைந்த திட்டத்தால் அன்று.

மூன்றாவது கூற்றுக்கு 1520ஆம் ஆண்டு ராய்ச்சூர்ப் போரைச் சான்று காட்டுவது வழக்கம். பீஜப்பூரின் இஸ்மாயில் அடில் ஷாவை ராயர் அங்கே வென்றது உண்மை. கிறிஸ்தவரான போர்ச்சுகீசியத் துப்பாக்கி வீரர்கள் அந்த முற்றுகையில் அவருக்குத் துணை நின்றதும் உண்மை. ஆனால் அவருடைய ஆட்சியின் மிக நீண்ட போர் ஒடிசாவின் இந்து மன்னர் பிரதாபருத்திர கஜபதியோடு நடந்தது. 1513இல் உதயகிரி முற்றுகையோடு தொடங்கி, 1515இல் கொண்டவீட்டைக் கைப்பற்றி, கடைசியில் கஜபதியின் மகளை மணந்த பின்பே அது ஓய்ந்தது. அவர் தாங்கிய பட்டங்களில் ஒன்று ‘யவனராஜ்ய ஸ்தாபனாசாரியர்’, அதாவது யவன (இங்கே முஸ்லிம்) அரசை மீண்டும் நிலைநிறுத்தியவர். பாமினி அரச குலத்தாரை மறுபடி அரியணையில் அமர்த்தியதை ஒட்டி வந்தது அது. சமயப்போர் நடத்துபவர் பெருமையோடு சூடிக்கொள்ளக்கூடிய பட்டமாக இதைக் கொள்வது கடினம். அவருக்கு முன்பே, இரண்டாம் தேவராயர் காலத்தில், தலைநகரில் அகமது கான் 1439இல் எழுப்பிய பள்ளிவாசல் ஹம்பியில் இன்றும் நிற்கிறது.

கோயில்களுக்கு அவர் அள்ளிக் கொடுத்தது பக்தியின் அடையாளம்தானே என்று கேட்கலாம். பக்தி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சோழமண்டலத்துச் சிவன், திருமால் கோயில்கள் செலுத்திவந்த ஜோடி, சூலவரி, அரசுபேறு முதலிய வரிகளில் 10,000 பொன்னை அவர் தள்ளிக்கொடுத்ததைக் கஜபதியோடு நடந்த கலிங்கப் போருக்குப் பிந்தைய கல்வெட்டுகள் பல ஊர்களில் ஒரே வாசகமாகச் சொல்கின்றன. தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தில், இடையிலுள்ள நாயக்கரைத் தாண்டி, அரசரின் பெயர் நேரடியாக ஊர்க் கோயில் சுவரில் ஏறிய வழி அது. திருப்பதியில் இக்காலத்தில் குவிந்த பொற்கொடைகளின் ஒரு பகுதி கோயில் சிற்றூர்களில் கால்வாய் வெட்டச் செலவானதையும் இங்கே நினைக்கலாம்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் தலைநகர் வீழ்ந்த பிறகும் இந்த ஏற்பாட்டின் அடித்தளம் மறையவில்லை. தட்டு மட்டும் மறுபக்கம் தாழ்ந்தது. 1639இல் மதராசபட்டினக் கடற்கரையையும் அதன் சுங்க வருவாயில் பாதியையும் ஆங்கில வணிகர்களுக்கு எழுதிக்கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு மேலே இருந்த ராயர் மரபின் உறுதிச்சாசனம், மூன்றாம் ஸ்ரீரங்கரிடமிருந்து, 1645இல்தான் வந்தது. அந்தப் பட்டினத்தின் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1734இல், கூவம் வளைந்தோடும் இடத்தில் சுங்குராமச் செட்டியாரிடமிருந்து எடுத்த தோட்டத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். சின்னத் தறிப் பேட்டை என்று பெயர் விளக்கம் சொல்லப்படும் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை அதுதான். அதற்கு இசைவு தரவோ மறுக்கவோ அப்போது ராயர் என்று எவரும் இல்லை.