தலைக்கு எவ்வளவு? வண்டிக்கு எவ்வளவு?

சொகுசுக் கப்பலில் இட்லி மட்டும்தான் கிடைக்காது. மற்றபடி சாப்பாடு, தூக்கம், நீச்சல் குளம், ராத்திரி டான்ஸ் எல்லாமே டிக்கெட்டில் அடக்கம். கரையில் கால் வைத்தால்தான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். அதுவும் சென்னை ஆட்டோ மீட்டர் மாதிரி இல்லை... நிஜமாகவே ஓடும்!

மத்தியதரைக் கடல் கப்பல்களின் வழக்கம் இதுதான். ராத்திரி முழுக்க ஓடும். காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் எட்டுப் பத்து மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிட்டு வரவேண்டும். சுற்றிக் காட்ட கப்பல்காரர்களே பஸ் வைத்திருப்பார்கள். அதற்குத் தனிக் காசு.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மச்சினன், அவனுடைய அப்பா அம்மாவைக் கப்பலில் அனுப்பி வைக்க ஆசைப்பட்டான். அவர்களைக் கைபிடித்து அழைத்துப் போகும் கூலியாக எனக்கும், என் மனைவிக்கும், பத்து வயசுப் பையனுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டான். பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு மறுபடி பார்சிலோனா. கரைச் செலவு மட்டும் என் பொறுப்பு. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு யானையையே தானமாகக் கொடுத்தாகிவிட்டது. அங்குசத்தையாவது அவன் வாங்க வேண்டாமா?

முதல் நாளே அறையில் வழவழவென்று ஒரு புத்தகம். அதில் ரோம் நகருக்குப் போய்வர ஆளுக்கு 75 யூரோ என்று போட்டிருந்தது. வழிகாட்டி கிடையாது. பஸ் கொண்டுபோய் விடும், சாயங்காலம் அழைத்து வரும், அவ்வளவுதான். ஐந்து பேருக்கு 375 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மனக்கணக்குக்கு வசதி. முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு!

என் மாமனார் மின்வாரியத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "மாப்ளே, விருதுநகர்லேர்ந்து மெட்ராஸுக்குக் குடும்பத்தோட எத்தனை தடவை போயிட்டு வரலாம் தெரியுமா இந்தக் காசுக்கு?" என்றார்.

பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர் இருந்தது. எதற்குப் பயன்படும் என்று அப்போது தெரியவில்லை. மத்தியதரைக் கடலில் தெரிந்தது. கப்பல்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். டாக்ஸிக்காரர் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். தனி ஆளாகப் போகிறவருக்குத் தலைக் கணக்கு லாபம். ஐந்து தலை உள்ள குடும்பத்துக்கு வண்டிக் கணக்கு லாபம். இது புரிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

மார்செய் துறைமுகத்தில் கப்பல் நிற்கிற இடம் ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி. நடக்கலாம் என்று கிளம்பினால் கன்டெய்னர்களைத்தான் சுற்றிப் பார்க்கலாம். ஐந்து பேர் உட்காருகிற பெரிய டாக்ஸியாகப் பார்த்து, ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைக் கேட்டு, பழைய துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். கப்பல் பஸ்ஸைவிட மலிவு.

ஜெனோவாவில் அதுவும் வேண்டாம். கப்பலை விட்டு இறங்கினால் பத்து நிமிஷ நடையில் பிரின்சிபே ரயில் நிலையம். அதைத் தாண்டினால் பழைய ஊரின் சந்துகள். கொலம்பஸ் பிறந்த ஊர். சூடான ஃபொகாச்சா ரொட்டியை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டே சுற்றினோம். போக்குவரத்துச் செலவு பூஜ்யம். மாமனார் நோட்டில் பூஜ்யத்தை இரண்டு தடவை எழுதி அழகு பார்த்தார்.

அடுத்தது ரோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கப்பல் அட்டவணையில் 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியா என்ற ஊரில். அங்கிருந்து ரோமுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இறங்கி நின்று "கலோசியம் எங்கேப்பா?" என்று தேடக்கூடாது.

"ரயில்ல போலாம். ஆளுக்கு அஞ்சு யூரோதான்" என்றேன். என் மனைவி தனியாகக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அம்மாவுக்கு முட்டி வலி, சர்க்கரை வேற. லேட்டாகிக் கப்பல் போயிடுச்சுன்னா?"

கேள்வி நியாயமானது. கப்பல் பஸ்ஸில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் ஐந்து நிமிஷம்கூட நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் சொந்தச் செலவில் போய்த்தான் பிடிக்கவேண்டும். அடுத்த ஊர் வேறு நாடு என்றால் விசா பிரச்னை வேறு. நாங்கள் அட்டவணையைப் பார்த்தோம். அடுத்தது நேப்பிள்ஸ். அதே இத்தாலி. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றே கால் மணி நேரம். சரி, துணியலாம்!

துணிச்சலுக்கும் ஏற்பாடு வேண்டும் இல்லையா? இரண்டு நாள் மாத்திரை மாமியார் பையில். எங்கள் கப்பலில் பாஸ்போர்ட்டை வரவேற்பு மேஜையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் அதன் நகல் என் பையில். அப்புறம் முக்கியமாக, அன்றைக்கு ரயில் வேலைநிறுத்தம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்தேன். இத்தாலியில் அது அடிக்கடி வரும். சாதாரண நாட்களில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9, இந்த நேரங்களில் அத்தியாவசிய வண்டிகளை ஓட்டிவிடுவார்கள். ஆறு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டியவனுக்கு மாலை ஆறு மணி வண்டி எதற்கு?

துறைமுக வாசல்வரை இலவச பஸ். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குச் சில யூரோவில் உள்ளூர் பஸ். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பு பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம். மாமனாரை அந்த மெஷினிடமிருந்து பிரிப்பதே கஷ்டமாகிவிட்டது. நாற்பது வருஷம் வவுச்சரில் சீல் வைத்த கை!

சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பீட்டர் பேராலயம் மெள்ள நடந்து போகிற தூரம்தான். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரை டிராயரில் வந்த வெள்ளைக்காரர்களையெல்லாம் ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். சுங்குடிச் சேலையில் என் மாமியார் மகாராணி மாதிரி நுழைந்தார்.

தாகத்துக்குத் தண்ணி பாட்டில் வாங்க வேண்டாம். ரோமில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்கள் இருக்கின்றன. 2,000-க்கும் மேல். 'நசோனே', அதாவது பெரிய மூக்கு என்று பெயர். சில்லென்று நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ் ஓட்டையை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். என் பையன் கலோசியத்தை மறந்தே போனான். காபியும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு விலை, கவுன்ட்டரில் நின்றபடி குடித்தால் அதைவிடக் குறைச்சல். கும்பகோணம் காபி கிளப்பில் நின்று பழகிய காலுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

கப்பல் ஏழு மணிக்கு. ஆறு மணிக்குள் ஏறிவிட வேண்டும். மாமனாரோ மூன்று மணிக்கே ஸ்டேஷனில் உட்காரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "நாம பிடிக்கிற வண்டி ரத்தானாலும், அதுக்கு அடுத்த வண்டியும் ரத்தானாலும், மூணாவதுல ஏறிக் கப்பலைப் பிடிக்கணும் மாப்ளே. அதான் கணக்கு." பையன் முகம் தொங்கிப் போயிற்று. கலோசியம் போச்சே!

மூணேகால் வண்டி ரத்து என்று பலகையில் விழுந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் அசையவில்லை, நோட்டைக்கூட எடுக்கவில்லை. அரை மணி கழித்து அடுத்த வண்டி வந்தது. ஐந்து மணிக்குக் கப்பலில் டீ குடித்தோம். செலவு 70 யூரோவுக்குள். மிச்சம் 300-க்கு மேல்.

ஏழு மணிக்கு மேல்தளத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். ஏணியை எடுத்தாகிவிட்டது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தூரத்தில் ஒரு ஜோடி ஓடி வந்தது. புனேக்காரப் பையனும் பெண்ணும். சாப்பாட்டு மேஜையில் பழக்கம், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தளத்தில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள், கை தட்டினார்கள். கப்பல் நகர்ந்துவிட்டது.

"எதுக்குக் கை தட்டறாங்க?" என்றார் மாமியார். "பாவம், மாத்துத் துணிகூடக் கையில இருக்காதே அந்தப் புள்ளைக்கு."

அன்று ராத்திரி எங்கள் மேஜையில் இரண்டு நாற்காலி காலி. எனக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை. எங்கள் மூணேகால் வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கும். எதிரே பெரிய கோட்டை, பக்கத்திலேயே பீட்ஸா கடைகள். ஆனால் பையனுக்கு பாம்பேய் பார்க்கவேண்டும். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊர். உள்ளூர் ரயில் உண்டு. நெரிசல், பிக்பாக்கெட் பயம் உண்டு. எங்கள் கப்பல் அன்றைக்கு மத்தியானமே கிளம்புகிறது. மூன்றாவது வண்டிக்கு நேரமே கிடையாது. நான் யோசிக்கும் முன்பே மாமனார் பர்ஸை எடுத்து, எங்கள் மூன்று பேருக்கும் கப்பல் பஸ்ஸிலேயே டிக்கெட் வாங்கிவிட்டார்! கல் பாவிய ரோடு முட்டிக்கு ஆகாது என்று அவரும் மாமியாரும் கோட்டைப் பக்கமே இருந்துகொண்டார்கள்.

நாங்கள் திரும்பியபோது புனே ஜோடி கப்பல் வாசலில் நின்றிருந்தது. ரோமில் ஹோட்டல், காலையில் அதிவேக ரயில் என்று கதையைச் சொன்னார்கள். கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. மாமனார் கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்தான். மாமியார் அந்தப் பெண்ணைச் சாப்பிட அழைத்துப் போய்விட்டார்.

அன்று மாலை நான் மாமனாரிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "மாமா, இவங்க ஊரைக் காட்டறதுக்கா காசு வாங்கறாங்க? 'உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்'னு ஒரு வார்த்தை தர்றாங்க, அதுக்குத்தான். கப்பல் பக்கத்துலயே ஊர் இருந்தா அந்த வார்த்தை நமக்கு வேண்டாம். ஊர் தூரமா இருந்து நேரமும் குறைச்சலா இருந்தா, விலை பார்க்காம வாங்கிடணும்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இதே வார்த்தையை பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க பொண்ணுக்கு நான் இலவசமாவே கொடுத்தேன் மாமா!" என்றேன்.

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இலவசமா? மண்டப வாடகை யாரு கட்டினதாம் மாப்ளே?"