சொந்த வண்டியை வாடகைக்கு விடலாமா?



வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றால் போதும், "சும்மாத்தானே நிக்குது, வாடகைக்கு விட்டா நாலு காசு வருமே" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் விட்டோம். அதனால் பட்டதை மற்ற சகோதரிகளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் எண்ணூரில் இருக்கிறோம். என் கணவருக்கு மணலி பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பிள்ளைகள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு வீசிங் தொந்தரவு உண்டு.

வடசென்னைக்காரர்களுக்கு ஆடி மாதம் வந்தால் பெரியபாளையத்தம்மன் நினைப்புதான். பானை, அரிசி, வெல்லம், பாய், தலையணை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய், ஒரு ராத்திரி அங்கேயே தங்கி, பொங்கல் வைத்துப் படைத்துவிட்டு வருவோம். கைக்குழந்தையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போன வருஷங்கள் உண்டு. ஒரு வருஷம் மாமியாருக்குப் பஸ்ஸிலேயே மூச்சு வாங்கிவிட்டது. அன்றைக்குத்தான் என் கணவர், "எப்பாடு பட்டாவது ஒரு வண்டி வாங்கணும்" என்றார். சீட்டுப் பணம் எடுத்து, என் செயினை அடகு வைத்து, 2021-ல் பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கினோம்.

அந்த வேன் எங்களுக்கு இன்னொரு வீடு மாதிரி. பின்னால் மெத்தை விரித்தால் மாமியாரும் பிள்ளைகளும் படுத்துக்கொள்வார்கள். தண்ணீர்க் கேன், அடுப்பு, இரண்டு பாத்திரம் எப்போதும் தயாராக இருக்கும். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவார்களாம். நம் பக்கத்துக் கேரளாவிலேயே 2021-ல் 'கேரவன் சுற்றுலா' என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எங்கள் ஆம்னிதான் எங்களுக்குக் கேரவன்.

ஆனால் கோயில் குளம் போவது மாதத்தில் ஒருநாள், இரண்டுநாள். மற்ற நாளெல்லாம் வண்டி வாசலில்தான் நிற்கும். இன்சூரன்ஸ், டயர், பாட்டரி என்று செலவு மட்டும் நிற்காது. 2022 ஆடியில் என் கணவரின் நண்பர் ஒருவர் வந்து, "பெரியபாளையம் போகணும் அண்ணே, வெளியில வண்டி கேட்டா யானை விலை சொல்றாங்க. உங்க வண்டியக் குடுங்க, ரெண்டாயிரம் தரேன்" என்றார். இவர் தயங்கினார். "கொடுத்தால் என்ன?" என்று சொன்னவள் நான்தான். அந்த ரூபாயில் பெண்ணுக்குப் பள்ளிக்கூட ஷூவும் பையும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வர ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் சிறுவாபுரி முருகன் கோயில், ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாணம், காதுகுத்து. முதலில் என் கணவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். ஷிப்ட் இருக்கும் நாளில் வண்டியை மட்டும் கொடுத்து அனுப்பினோம். ரசப்பொடி டப்பாவில் தனியாகப் பணம் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அந்த டப்பாவைத் திறந்து பார்க்கும்போது ஒரு தைரியம் வரும்.

பணம் வந்த கூடவே வேறு சிலதும் வந்தது. மெத்தையில் குழம்புக் கறை. கதவில் கீறல். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு லாரியோடு உரசி, பக்கவாட்டில் தகடு நசுங்கி வந்தது ஒரு தடவை. எடுத்துப் போனவரைக் கேட்டதற்கு, "அதான் வாடகை குடுத்தேனே அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓசியில் கொடுத்திருந்தால் ஒரு 'மன்னிச்சுக்கோங்க' ஆவது சொல்லியிருப்பார். காசு கொடுத்ததால் அதுவும் இல்லை.

2023 கோடையில் ஒருநாள் வழியில் வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். ஓட்டிக்கொண்டு போனவர், "சொந்தக்காரங்க வண்டி சார்" என்றாராம். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய சின்னப் பையன், "இல்ல அங்கிள், அப்பா ரெண்டாயிரம் ரூபா குடுத்தாரு" என்று சொல்லிவிட்டான்! எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் அண்ணனிடம் விவரம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும்.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே வாங்கி ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி. இந்தக் கடைசி வகைக்கு 1989-ல் மத்திய அரசு போட்ட திட்டப்படி, குறைந்தது 50 வண்டி வைத்திருப்பவருக்குத்தான் லைசென்ஸ். ஒற்றை ஆம்னி வைத்திருக்கும் நமக்கு அங்கே இடமில்லை.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டக்கூடாது. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. ஐந்து தடவை வாடகைக்கு விட்டுச் சேர்த்தது ஒரே நாளில் போய்விடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில்தான். சொந்த வண்டிக்குக் கொடுக்கும் பாலிசியிலேயே, வாடகைக்கு விட்டால் செல்லாது என்று அச்சடித்திருக்கிறார்கள். நம்மில் யார் அதைப் படிக்கிறோம்? வாடகைக்குப் போன இடத்தில் விபத்து நடந்தால், வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் தரமாட்டேன் என்று கம்பெனி சொல்லலாம். இடிபட்டவருக்குக் கோர்ட்டில் நஷ்ட ஈடு தீர்ப்பானால், கம்பெனி அதைக் கட்டிவிட்டு நம்மிடம் திரும்ப வசூலிக்கவும் வரலாம். "ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு, குடியிருக்கிற வீட்டை அடமானம் வைக்கிற மாதிரிம்மா" என்றார் அந்த அண்ணன்.

இனி வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். ஆனால் முடிவு செய்வது சுலபம், கையில் காசு இல்லாதபோது அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மிக்ஸி, கிரைண்டர், பீரோவின் கீழ்த்தட்டுத் துணி எல்லாம் நாசம். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வேறு கலந்து, மீன் பிடிக்கிற அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பு எரிவதே பாடாகிவிட்டது. யாரிடமும் கைமாற்று கேட்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, தெரிந்தவர் மூலமாக ராயபுரத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போகவேண்டும், 24-ந்தேதி எடுத்து 27-ந்தேதி தருகிறோம், 6,000 ரூபாய் என்றார்கள். "இது ஒரு தடவைதான்" என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டோம்.

26-ந்தேதி ராத்திரி நடந்தது ஊருக்கே தெரியும். எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்கடியில் போகும் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவு நேரம். கண்ணெல்லாம் எரிச்சல், தொண்டையை அடைக்கிற நெடி. என்ன ஏது என்று தெரியாமல் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். பலர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

என் மாமியாருக்கு இழுப்பு வந்துவிட்டது. என் கணவர் பழக்கதோஷத்தில் சாவி மாட்டும் ஆணியில் கையை வைத்தார். ஆணி காலி. அந்த ஒரு நிமிஷம் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. 2022-ல் "கொடுத்தால் என்ன?" என்று கேட்டவள் நான்தானே!

ஒரு பைக்கில் ஐந்து பேர் எப்படிப் போவது? ஈரத்துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு, மாமியாரை ஆளுக்கொரு பக்கம் தாங்கி நடந்தோம். நல்லவேளையாக ஒரு ஆட்டோக்காரத் தம்பி நிறுத்தினார். அதில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தும், "பாட்டியக் குடுங்கக்கா" என்று மடியில் உட்கார வைக்கச் சொல்லி, திருவொற்றியூர் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். காசு கொடுக்கப் போனபோது, "இன்னாக்கா, இந்த நேரத்துல போய்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஆட்களை ஏற்றத் திரும்பிப் போய்விட்டார். வாடகைக்கு ஓட்டித்தான் வயிறு வளர்க்கிறவர் அவர். அந்த மனிதர் வேண்டாம் என்ற காசுக்காகத்தான், வயிற்றுக்குக் குறையில்லாத நாங்கள் எங்கள் வண்டியை வெளியூருக்கு அனுப்பியிருந்தோம்.

மாமியார் இரண்டு நாளில் தேறிவிட்டார். 27-ந்தேதி சாயங்காலம் வேன் திரும்பி வந்தது. பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பிரசாதம் கொடுத்து, மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார்கள். ரசப்பொடி டப்பாவில் போட மனம் வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் அதில்தான் மாமியாருக்கு மருந்து வாங்கினோம்.

இதைப் படித்துவிட்டு, "அப்படி என்றைக்கோ ஒருநாள் நடப்பதற்காக, வருகிற வருமானத்தை விடமுடியுமா?" என்று சில சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வருமானம் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் முறையாகச் செய்யுங்கள். பலகையை மஞ்சளாக மாற்றி, பெர்மிட், எப்.சி., வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்து ஓட்டுங்கள். கௌரவமான தொழில் அது. செலவு போக என்ன மிஞ்சும் என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன். மாதம் நாலு வாடகைக்கு அந்தச் செலவு கட்டாது என்று தெரிந்தது. நாளும் ஓட்ட ஆள் இருந்தால்தான் கட்டும்.

வாடகைக்கு எடுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஐந்நூறு ரூபாய் குறைகிறதே என்று வெள்ளைப் பலகை வண்டியில் குடும்பத்தோடு ஏறாதீர்கள். வழியில் ஏதாவது ஆனால், உள்ளே இருக்கிற நமக்கு நஷ்ட ஈடு கிடைப்பதும் இழுபறிதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேன்களிலும் முதலில் பலகையின் நிறத்தைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இதுதான் வழக்கம்: வண்டியை வாடகைக்கு விடுவதில்லை. பிரசவம், நெஞ்சுவலி, சாவு என்று யார் கதவைத் தட்டினாலும், ராத்திரி எந்த நேரமானாலும் என் கணவரே ஓட்டிக்கொண்டு போவார். அவர் இல்லாவிட்டால் என் தம்பி வருவான். ஒரு பைசா வாங்குவதில்லை. கோயில், கல்யாணம் என்று கேட்டால், தெரிந்த மஞ்சள் பலகை வண்டிக்காரரின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவோம். ஆரம்பத்தில், "வண்டி வந்ததும் தலைக்கனம் வந்துடுச்சு" என்று இரண்டு வீட்டில் பேசினார்கள். போன மழைக்காலத்தில் அதில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு நடுராத்திரியில் இடுப்புவலி எடுத்தது. எங்கள் ஆம்னியில்தான் போனாள். இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

ரசப்பொடி டப்பாவில் இப்போது ரசப்பொடிதான் இருக்கிறது. டப்பா காலியாக இருந்தால் ரசம்தான் வைக்கமுடியாது. ஆணி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. ராத்திரி படுக்கப் போகும்முன் சாவி ஆணியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.

எங்களைப் போன்ற இடத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொந்த வண்டி ஆடம்பரமா, அவசியமா? சும்மா நிற்கும் வண்டியை வாடகைக்கு விடுவது சரியா, தப்பா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சகோதரிகளே? எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, எண்ணூர், சென்னை.