விலைப்பலகை மாறியது; சம்பள நோட்டு மாறியதா?

 

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருக்கும் வியாபாரச் சகோதரரே! உங்கள் கடை விலைப்பலகையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். ஐந்தாண்டுகளில் அதை எத்தனை முறை அழித்து எழுதினீர்கள்? எண்ணெய் ஏறியது, சிலிண்டர் ஏறியது, வாடகை ஏறியது, நீங்களும் ஏற்றினீர்கள். அதில் குற்றமில்லை. இனி, கல்லாவுக்குள் கிடக்கும் சம்பள நோட்டைத் திறந்து பாருங்கள். அதில் எத்தனை முறை அழித்து எழுதினீர்கள்?

இந்தக் கேள்விக்கு உங்கள் மனசாட்சியிடம் பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

விலைவாசி எல்லோரையும் ஒரேபோல் தாக்குவதில்லை. வியாபாரி விலையை ஏற்றித் தப்பித்துக்கொள்கிறான். தொழிலாளி கேட்டுப் போராடிப் பெறவேண்டியிருக்கிறது. முதியவருக்கோ கேட்பதற்கும் ஆளில்லை!

ஆயிரம் ரூபாய் முதுமை

அரசு ஓய்வூதியர்களுக்கு விலைவாசியை ஒட்டி அகவிலைப்படி உயர்கிறது. தனியார் ஆலையில் உழைத்து ஓய்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1995இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பத்தாண்டு கழிந்து 2024 செப்டம்பர் வந்தபோதும் அதே ஆயிரம்தான்!

ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்குப் பத்தாண்டில் சுமார் ரூ.1,630 கொடுக்கவேண்டும். அந்த ஆயிரத்தின் பெறுமானம் சுமார் ரூ.614 ஆகச் சுருங்கிவிடும். யாரும் பூட்டை உடைக்கவில்லை, யாரும் பறிக்கவில்லை. ஆனாலும் முதியவரின் மடியிலிருந்து பணம் போய்விட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகையும் 2011இல் ஆயிரமாகி, 2023இல்தான் ரூ.1,200 ஆனது.

விலையேற்றம் தணிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். ஏறும் வேகம் குறைந்தது என்பதுதான் அதன் பொருள். ஏறிய விலை ஏறியதுதான்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் கையேந்தி நின்ற ஒரு யூத முதியவரைக் கண்டார்கள். இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கருதி, பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கச் செய்தார்கள் என்பது வரலாறு. முதியோருக்குக் கொடுப்பது தர்மமல்ல, அவர்களுடைய உரிமை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்?

நம் வாசலில் நடந்தது

அதே 2024 செப்டம்பரில்தான், 9ஆம் தேதி, நம் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாட்கள் நீடித்தது அந்தப் போராட்டம். 2025 மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றுபட்டு நின்றார்கள், பெற்றார்கள்.

இளைஞர்களே, இன்னொரு பாடமும் உங்கள் கண்முன்னே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. முதல் நாளில் சேர்ந்தவருக்குக்கூட அங்கே பத்தாண்டு நிறையவில்லை. மாத ஓய்வூதியம் பெறவோ பத்தாண்டுப் பணி வேண்டும்! கணக்கை அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொண்டவருக்குப் பழைய ஆண்டுகள் சேரும். ஓய்வூதியப் பங்கையும் எடுத்துச் செலவழித்தவர் மறுபடியும் முதலாம் ஆண்டிலிருந்து எண்ணவேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். கணக்கை உடைக்காதீர்கள். கஷ்டம் வரும், கை அரிக்கும், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. உங்கள் கடையில் பரோட்டா போடும் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?

மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். இந்த ஹதீஸ் நம் வியாபாரிகளுக்கு மனப்பாடம்! அதே நபி (ஸல்) அவர்கள்தான் பதுக்கலைத் தடுத்தார்கள். கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதற்குப் பெயர் மார்க்கமா, வசதியா?

வட்டி ஈடாகுமா?

“ஹஜ்ரத்! ஒரு லட்சத்தைச் சும்மா வைத்தால் பத்தாண்டில் அதன் மதிப்பு அறுபதாயிரமாகக் கரைந்துவிடுகிறதே, வட்டி அந்த இழப்புக்கு ஈடுதானே?” என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லவேண்டியது எங்கள் கடமை.

2022 ஏப்ரலில் விலைவாசி உயர்வு 7.79 சதவீதத்தைத் தொட்டது. அதை அடக்க ரிசர்வ் வங்கி, 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்த்தியது. கடன் வாங்குவது குறைந்தால் செலவு குறையும், விலை தணியும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தப் பாரத்தைச் சுமந்தது யார்? வீட்டுக்கடன் தவணை கட்டும் தொழிலாளி, சரக்குக்குக் கடன் வாங்கிய சிறுகடைக்காரர். விலையையும் அவர்கள் கொடுத்தார்கள், வட்டியையும் அவர்களே கொடுத்தார்கள். சேமிப்பு உள்ளவருக்கு ஈடு கிடைத்தது. சேமிப்பே இல்லாத முதியவருக்கு என்ன கிடைத்தது? தன் இழப்பை, அதற்குக் காரணமே இல்லாத இன்னொருவன் தலையில் இறக்கிவைப்பது எப்படி நீதியாகும்?

வட்டி விகிதத்தைக் குறைத்தாலே மார்க்கம் நிலைநாட்டப்பட்டுவிடும் என்றும் எண்ணவேண்டாம். துருக்கியில் மார்க்கத்தைக் காரணம் காட்டி விகிதத்தைக் குறைத்தார்கள். 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு 85 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியில் 2024 மார்ச்சில் வட்டியை 50 சதவீதமாக உயர்த்தவேண்டி வந்தது. வட்டியில் நிற்கும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றினால் ஏழைக்கு விடிவு வராது.

என்ன செய்யலாம்?

தமிழக அரசின் குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படி, சென்னை நகர விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாற்றப்படுகிறது. அந்த நாளையே உங்கள் கடைக்கும் சம்பளத் திருத்த நாளாக வையுங்கள். பையன் வந்து தலையைச் சொறிந்து நிற்கும்வரை காத்திருக்கவேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் முஅத்தினின் சம்பளம் கடைசியாக எந்த ஆண்டு உயர்ந்தது? மஹல்லாவில் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றைத் தொடங்குங்கள். தினவட்டிக்காரனிடம் சிறுவியாபாரி போவதை அதுதான் தடுக்கும்.

சேமிப்பு உள்ளவர்கள், இலாப நட்டத்தில் பங்குகொள்ளும் தொழிலில் முதலிடுங்கள். ஆனால் ஹலால் என்ற பெயரைக் கண்டு மயங்காதீர்கள்! பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. கணக்கைக் காட்டாதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

தொழிலாளர் ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைக்கவேண்டும் என்ற கோரிக்கையை எல்லா மக்களோடும் சேர்ந்து எழுப்புவோம். பசிக்கு மதமில்லை.

அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயத்தையே இறக்கியிருக்கிறான் இறைவன். தராசு என்பது கடையில் தொங்குவது மட்டுமல்ல. சம்பள நோட்டும் ஒரு தராசுதான். வாங்க ஒரு தராசு, கொடுக்க ஒரு தராசு நமக்கு வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அந்த நோட்டைத் திறந்து, ஒரு வரியையாவது அழித்து எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் கல்லாவில் பரக்கத் இறங்கும்.