வாணம் வானமான கதை

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் தமிழ் எழுதுவோரிடையே ஒரு சிறு சர்ச்சை எழுவதுண்டு: ‘வாணவேடிக்கை’ சரியா, ‘வானவேடிக்கை’ சரியா? அகராதியின் தீர்ப்பில் ஐயமில்லை, டண்ணகரமே சரி. வாணம் என்பது ‘பாணம்’ என்னும் வடசொல்லின் திரிபு. அம்பையும், அம்புபோல் எரிந்து பாயும் வெடியையும் அது குறிக்கும். கன்னடத்தில் அதே சொல் ‘பாணபிருசு’ என்னும் தொடரில் வாழ்கிறது. ஆயினும் திருவிழா அழைப்பிதழ்களிலும் பதாகைகளிலும் செய்தித் தலைப்புகளிலும் றன்னகரமே பெருகிவருகிறது.

இதனை எழுத்துப்பிழை என்று திருத்திவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், பலரும் ஒரே திசையில் பிழை செய்யும்போது அதற்குக் காரணம் இருக்கும். வேர் மறந்துபோன சொல்லுக்குக் கண்முன் தெரியும் ஒன்றை வேராகக் கற்பிப்பதை மொழியியலார் மக்கள் சொற்பிறப்பு என்பர். இங்கு மறந்துபோனது வாணம். கண்ணுக்குத் தெரிவது வானம். வாணம் என்பது ஒருவர் மருந்திட்டு, திரி வைத்து, சுற்றிக் கட்டிய பொருள். வானத்தை எவரும் செய்வதில்லை. ஆக, ஓர் எழுத்து மாறியதில் செய்தவர் மறைந்து காட்சி மட்டும் எஞ்சுகிறது.

இந்த மாற்றம் முழுமை பெறும் இடம் படகு. தெருவில் வெடிக்கும்போது வாணத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாவது கண்ணில் படுகிறது: ஆலையின் பெயர் அச்சிட்ட பெட்டி, திரியைக் கிள்ளும் விரல், பற்றவைத்துவிட்டு ஓடும் கால். மாலை நேர உல்லாசப் படகில் அமர்ந்திருப்பவருக்கு இவை எவையும் இல்லை. இருட்டான நீர்ப்பரப்பில் எங்கோ ஒரு மிதவையிலிருந்தோ எதிர்க்கரையிலிருந்தோ ஒளிக்கீற்று எழுகிறது, மேலே விரிகிறது, கீழே நீரில் மறுபடி விரிகிறது. அரைக் கிலோமீட்டர் தொலைவென்றால் ஒன்றரை நொடி கழித்தே ஓசை வந்து சேர்கிறது. புகை வராது, நெடி வராது, தீப்பொறி வராது. பெங்களூரில் கடலும் இல்லை, பேராறும் இல்லை. ஆகவே இந்நகரத்தார் இக்காட்சியைக் கோவாவின் மாண்டவி ஆற்றுக்கும், துபாய்க்கும், சிங்கப்பூருக்கும், சிட்னித் துறைமுகத்துக்கும் சென்று விலைகொடுத்துக் காண்கின்றனர். காண்பதில் தவறேதும் இல்லை. அந்தத் தொலைவு எதை மறைக்கிறது என்பதுதான் கேள்வி.

அக்கேள்வியைப் பெங்களூரில் எழுப்புவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. வாணத்தின் பழைய பொருள் இந்நகரின் தெருப்பெயர் ஒன்றில் இன்னும் இருக்கிறது. சிட்டி மார்க்கெட்டை ஒட்டிய தாராமண்டல்பேட்டை, மைசூர் அரசின் இரும்புக்குழல் ராக்கெட்டுகள் செய்யப்பட்ட இடமாகக் கருதப்படுகிறது. தாராமண்டலம் என்றால் விண்மீன் கூட்டம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையை முறியடித்தபோது பாய்ந்த வாணங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. போருக்குப் பின் கைப்பற்றப்பட்ட மைசூர் ராக்கெட்டுகளை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படைக்கு ராக்கெட் செய்து கொடுத்தார். உலக வரலாறு காங்கிரீவின் பெயரை அறியும்; திப்புவின் பெயரையும் அறியும். தாராமண்டல்பேட்டையில் குழல் அடித்து மருந்து கெட்டித்தவர்களுள் ஒருவரின் பெயரும் பொது நினைவில் இல்லை.

செய்தவரை மறப்பது வாணக்காட்சியின் இயல்பு என்று இதற்கு விடை கூறலாம். அது இயல்பன்று என்பதற்கு ஜப்பானில் சான்று இருக்கிறது. இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில், சுமிதா ஆற்றின் ரியோகொகு பாலத்தருகே, 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கோடைகால வாணக்காட்சி நடந்துவந்தது. மக்கள் பாலத்தில் நெருக்கியடித்து நின்றும், கூரை வேய்ந்த படகுகளில் அமர்ந்தும் பார்த்தனர். ஹிரோஷிகே 1858இல் வரைந்த எடோ காட்சித் தொகுப்பில் அந்தப் படகுகளையும் அந்த ஒளியையும் இன்றும் காணலாம். அங்கே பார்வையாளர்கள் வாய் திறந்து சொன்னது வெறும் வியப்பொலி அன்று. வாணம் விரியும் கணத்தில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரை உரக்கக் கூவினர். ‘காகியா’, ‘தமாயா’ என்பவை அங்குப் போட்டியிட்ட இரு வாணக்காரர் குடும்பங்களின் கடைப்பெயர்கள். 1843இல் தமாயாவின் இடத்தில் எழுந்த தீ அக்கம்பக்கத்துக்கும் பரவியது. அக்குடும்பம் எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டது. கடை மறைந்து 180 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஜப்பானியர் வாணம் விரியும்போது ‘தமாயா’ என்று கூவுவதை நிறுத்தவில்லை.

இவ்வழக்கத்தை மிகைப்படுத்த வேண்டியதில்லை. கூவப்பட்டது கடைப்பெயர், உள்ளே மருந்து கலந்த கூலியாளின் பெயர் அன்று. ஆயினும் படகில் இருந்தவருக்கு இரண்டு செய்திகள் தெரிந்திருந்தன: இந்த ஒளி இன்னார் வீட்டில் செய்யப்பட்டது, அந்த வீடு ஒரு நாள் எரிந்தது. படகுக்கும் நெருப்புக்கும் இடையிலான தொலைவு அங்கேயும் இதே அளவுதான். அந்தத் தொலைவை அவர்கள் ஒரு பெயரைக் கொண்டு கடந்தனர்.

பெங்களூருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர் எது? 2023 அக்டோபர் 7 சனிக்கிழமை பிற்பகலில், ஓசூர் சாலையில் மாநில எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில், பட்டாசுக் கடையோடு சேர்ந்த கிடங்கு ஒன்று எரிந்தது. தீபாவளி விற்பனைக்காக வந்த சரக்கை இறக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றே 14 பேர் இறந்தனர். காயமுற்றோரில் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தருமபுரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து பருவகாலக் கூலிக்கு வந்திருந்த தமிழ் இளைஞர்கள். அவர்களுள் மாணவர்களும் இருந்தனர். தருமபுரி மாவட்டத்தின் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் பலர் ஒருசேர மாண்டனர். அந்த ஆண்டின் தீபாவளி நவம்பர் 12. இடையில் இருந்தவை ஐந்து வாரங்களே. நகரம் வழக்கம்போல் ஓசூர் சாலைக்குச் சென்று வாங்கியது, வழக்கம்போல் வெடித்தது.

இம்மறதிக்கு மொழியும் துணைநிற்கிறது. வாணக்காட்சியை விவரிக்கும் தமிழ் வினைகளை அடுக்கிப் பார்த்தால் இது புலப்படும். வாணம் சீறியது, பூத்தது, விரிந்தது, சிதறியது, அணைந்தது: அனைத்தும் தன்வினைகள், செய்வோர் எவரையும் வேண்டாதவை. விபத்துச் செய்தியின் நடையும் இதுவே. ‘உராய்வு காரணமாக வெடிவிபத்து ஏற்பட்டது’ என்னும் தொடர் சிவகாசி வட்டாரத்துச் செய்திகளில் ஏறத்தாழ வாய்பாடாகிவிட்டது. ‘ஏற்பட்டது’ என்னும் வினைக்கு எழுவாயாக ஆள் வர இடமில்லை. அளவுக்கு மீறிச் சரக்கு அடுக்கியவர், உரிமத்தைச் சரிபாராதவர், நெருக்கடியான அறையில் கூடுதலாக ஆள் வைத்தவர் என எவரும் அவ்வாக்கியத்துக்குள் நுழைய முடியாது. ‘பற்றவைத்தார்’ என்பதற்கோ ஆள் வேண்டும். அவ்வினை தெருவில் நிற்பவருக்கே வாய்க்கிறது. படகில் இருப்பவர் அதைச் சொல்வதில்லை.

தொழிற்கூடத்தின் மொழி இதற்கு நேர்மாறானது. சிவகாசியில் வேதிக்கலவைக்குப் பெயர் ‘மருந்து’. மேலே சென்று விரியும் பேன்சி ரக வெடிகளுக்குள் இடப்படும் உருண்டைகள் ‘மணிமருந்து’. படகிலிருந்து விண்மீன்களாகத் தெரிபவை இந்த மணிமருந்தின் உருண்டைகளே. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு, பச்சைக்குப் பேரியம். இவற்றைக் கலக்கும்போதும் உலர்த்தும்போதும் நேரும் விபத்துகளே செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரிய உப்புகளைத் தடைசெய்து, மாசு குறைந்த வெடிகளை மட்டும் அனுமதித்தது. அவற்றுக்குத் தமிழில் ‘பசுமைப் பட்டாசு’ என்று பெயர் வந்தது. பச்சை நிறம் தரும் உப்பை விலக்கியதற்குப் பசுமை என்று பெயர். வாங்குவோரின் காற்றைப் பற்றி அப்பெயர் ஏதோ சொல்கிறது. செய்வோரின் கூரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இங்கே ஒரு மாற்று யோசனையையும் எடைபோட வேண்டும். தெருத்தெருவாக வெடிப்பதை நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றோரைக் கொண்டு ஒரே இடத்தில் பொது வாணக்காட்சி நடத்தலாம். மக்கள் கரையிலிருந்தும் படகிலிருந்தும் பார்க்கட்டும் என்பது அது. இதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளியின்போதும் பெங்களூரின் மிண்டோ கண் மருத்துவமனைக்கு வருவோரில் கணிசமானோர் பட்டாசு வெடித்தவர்கள் அல்லர். அருகில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். அவர்களுக்குத் தொலைவு என்பது பாதுகாப்பு. பார்வையைக் காக்கும் ஏற்பாட்டை இகழ்வது எளிது, பொறுப்பாகாது.

ஆனால், அந்த யோசனை ஏரியை வெறும் மேடையாகக் கொள்கிறது. படகு விடுவதற்குப் பெயர்பெற்ற அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பெல்லந்தூர் ஏரியில் 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீயே எழுந்தது. வாணம் மேலே எரிந்து முடிந்தாலும் அதன் எச்சம் நீரில்தான் விழுகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஏடா நகர ஏரியொன்றில் நடந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. வாணக்காட்சிக்குப் பின் நீரில் பெர்குளோரேட்டின் அளவு இயல்பைவிட 24 முதல் 1,028 மடங்கு வரை உயர்ந்ததாகவும், பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள்கள் ஆனதாகவும் அது பதிவுசெய்தது. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் சேர்மம் இது. கழிவுநீரோடு போராடும் பெங்களூர் ஏரிகளுக்கு இச்சுமையும் வேண்டாம். பொதுக்காட்சி நடத்துவதெனில் திடல்களில் நடத்தலாம்.

எங்கு நடத்தினாலும் முதன்மையான நிபந்தனை வேறொன்று. கட்டணம் பெற்றுக் காட்டப்படும் ஒவ்வொரு வாணக்காட்சியும் தன் சரக்கு எந்த ஆலையில் செய்யப்பட்டது, எந்தக் கிடங்கில் இருந்தது, அங்கு வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்களுக்குக் காப்பீடு உண்டா என்பவற்றைக் காட்சிக்கு முன் அறிவிக்க வேண்டும். திரைப்படம் விளக்குப் பிடித்தவரின் பெயரையும் திரையில் இடுகிறது. கூட்டுறவுக் கைத்தறிக்கு முத்திரை உண்டு. ஒரு மாலைப்பொழுதை முழுவதுமாக விற்கும் வாணக்காட்சிக்கு மட்டும் பெயர்ப்பட்டியல் ஏன் இருக்கக் கூடாது?

பெயரை அறிவித்தால் விபத்து நின்றுவிடுமா என்று கேட்கலாம். நின்றுவிடாது. உரிமச் சோதனையும், சரக்கு வரம்பும், ஒழுங்கான கூலியும், பருவகால வேலைக்கு வரும் மாணவர்களுக்கு அதற்கு நிகரான பாதுகாப்பான வேறு வருவாயும் இருந்தால்தான் நிற்கும். ஆனால், அவற்றைக் கேட்பதற்கு முதலில் கேட்போர் வேண்டும். அத்திப்பள்ளியைப் பற்றிப் பெங்களூரில் கேட்போர் அருகியதற்குக் காரணம் இரக்கமின்மை அன்று. தாம் பார்த்த ஒளிக்கும் அந்தக் கிடங்குக்கும் இடையே எந்தச் சொல்லும் இல்லாமற்போனதே. அறிவிக்கப்படும் ஒரு பெயர், அடுத்த விபத்துச் செய்தியை எங்கோ ‘ஏற்பட்ட’ ஒன்றாகப் படிக்கவிடாது. நேற்றுப் பார்த்ததைச் செய்தவர்கள் இவர்கள் என்று படிக்கவைக்கும்.

ஆய்வாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சிவகாசித் தொழிற்கூடங்களின் சொற்களும் எல்லைப்புறக் கிடங்குகளில் வேலை செய்வோரின் பேச்சும் அகராதிகளில் முறையாக இடம்பெற வேண்டும். தொழிலாளர் தம் ஆபத்தை எந்தச் சொல்லால் குறிக்கின்றனர், முதலாளி எந்தச் சொல்லால் குறிக்கிறார், முதல் தகவல் அறிக்கை எந்தச் சொல்லால் குறிக்கிறது என்பது மொழியியலுக்கு உரிய கேள்வி. இழப்பீட்டு வழக்கில் அந்த வேறுபாட்டுக்குப் பண மதிப்பும் உண்டு. இரண்டு மாநில எல்லையில், மூன்று மொழிகள் புழங்கும் சாலையில், இது பெங்களூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் களம்.

‘வானவேடிக்கை’ என்று எழுதுவோரைத் திருத்துவோர் திருத்தட்டும். திருத்தும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்: அது வானம் அன்று, வாணம், ஆள் வைத்துச் செய்தது.