பழைய இசை, புதிய மேடை

ஓர் இசை நாடகத்தை அது பிறந்த காலத்து உடையோடும் அரங்க அமைப்போடும்தான் நடிக்க வேண்டுமா? இசையை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தையும் காலத்தையும் மாற்றலாமா? மேனாட்டு ஆப்பரா உலகில் இவ்வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. இத்தாலிய இசை மேதை வெர்டி இயற்றிய 'ரிகொலெட்டோ'வை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். 1851 மார்ச் 11 அன்று வெனிஸ் நகரில் அரங்கேறிய நாடகம் அது.

கதை இதுதான். மாந்துவா நாட்டுக் கோமகன் பெண்களின் வாழ்வோடு விளையாடுபவன். கூனன் ரிகொலெட்டோ அவனுடைய அரண்மனை விதூஷகன். தன் மகளைக் கெடுத்த கோமகனிடம் நியாயம் கேட்டு வந்த முதியவர் ஒருவரை ரிகொலெட்டோ பரிகசித்துச் சிரிக்கிறான், அவர் சபிக்கிறார். அவன் நடுங்குகிறான். ஏனெனில் அவனுக்கும் ஜில்டா என்று ஒரு மகள் உண்டு. கோயிலைத் தவிர வேறெங்கும் அவள் போகக்கூடாது. தன் பெயரைக்கூட அவன் அவளிடம் சொன்னதில்லை. கோமகனோ அந்தக் கோயிலிலேயே அவளைக் கண்டு, ஏழை மாணவன் என்று பொய் சொல்லி மனத்தைக் கவர்கிறான். முடிவில், கோமகனைக் கொல்லத் தந்தை கூலிக்கு அமர்த்திய கொலைகாரனின் கத்திக்கு, அவனைக் காக்க எண்ணி மகளே இரையாகிறாள்.

1982-இல் லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் ஆப்பராவுக்காக ஜோனதன் மில்லர் என்ற இயக்குநர் இக்கதையை நியூயார்க்கின் 'லிட்டில் இத்தாலி'க்குக் கொண்டு சென்றார். காலம் 1950-கள். கோமகன் மாஃபியா தலைவன் ஆனான்; விதூஷகன் மதுக்கடைப் பணியாள் ஆனான். 2013-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் மைக்கேல் மேயர் இதே கதையை லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் வைத்தார்.

"இது வெர்டிக்குச் செய்யும் துரோகம்" என்பார் உண்டு. ஆனால் வெர்டியே இடம் மாற்றியவர்தானே! மூலக்கதை விக்டர் ஹியூகோ 1832-இல் எழுதிய நாடகம். அதில் வருபவன் பிரெஞ்சு அரசன். பாரிஸில் ஒரே முறை நடிக்கப்பட்டதும் அது தடை செய்யப்பட்டது. அன்று வெனிஸை ஆண்ட ஆஸ்திரியத் தணிக்கை அதிகாரிகளும் அரசனைக் கெட்டவனாகக் காட்ட இசையவில்லை. அதனால் அரசன் கோமகன் ஆனான்; பிரான்ஸ் மாந்துவா ஆயிற்று. கதையின் உயிர் மட்டும் போகவில்லை.

அப்படியானால் எதையும் எப்படியும் மாற்றலாமா? கூடாது. தட்டிக் கேட்க ஆளில்லாத ஒருவன், அவனைச் சிரிக்கவைத்துப் பிழைக்கும் ஒருவன், இருவருக்கும் நடுவே ஒரு பேதைப் பெண்: இம்மூன்றும் புதிய இடத்தில் இயல்பாகப் பொருந்த வேண்டும். மாஃபியா தலைவனின் சொல்லும் சட்டம்தான் அல்லவா? ஆகவே மில்லரின் மாற்றம் எனக்கு ஏற்புடையதே.

அதில் ஒரு காட்சியை மறக்க இயலாது. பெண்மனம் நிலையற்றது என்று கோமகன் பாடும் பாட்டு உலகப் புகழ் பெற்றது. கதையில் நிலையற்றவன் அவன்தான். ஜில்டாவோ உயிரைக் கொடுக்கும் வரை மாறாதவள். மில்லரின் மேடையில் அவன் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியில் காசைப் போட, அந்த இசை எழுகிறது. பெண்ணை இழித்துரைக்கும் சொல் எவ்வளவு மலிவானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

பெற்றோரே, ரிகொலெட்டோ மகள்மீது உயிரையே வைத்திருந்தான். கதவைப் பூட்டினான், காவல் வைத்தான். ஆனால் உலகில் பொய்யர் உண்டு என்பதை அவளுக்குச் சொல்லவே இல்லை. வெளியே அடுத்தவர் மகளின் கண்ணீரைக் கண்டு சிரித்தான். வீட்டுக்குள் தன் மகளுக்கு மட்டும் பாதுகாப்புத் தேடினான். அறியாமை காவலாகாது. ஊரார் மகளுக்கு இல்லாத பாதுகாப்பு நம் மகளுக்கு மட்டும் கிடைத்துவிடாது.

தோழியரே, மாந்துவா அரண்மனை என்றால் "என்றோ நடந்த கதை" என்று நாம் எளிதாகக் கடந்துவிடுவோம். மதுக்கடையும் இசைப்பெட்டியும் அப்படிக் கடந்துபோக விடுவதில்லை. இது நேற்றும் நடந்தது, இன்றும் நடக்கும் என்று அவை சொல்கின்றன. அவ்வாறு நம்மை விழிக்கச் செய்யும் புதுமையை வரவேற்பதே முறை என்பது என் தாழ்மையான கருத்து.