அணைந்த விளக்கை நம்பாதே

வால்வு ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே கட்டுகிற பையன்கள் மறுபடியும் வந்திருக்கிறார்கள். சந்தோஷம். பழைய ரேடியோவைப் பிரித்து வால்வு எடுத்து, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுத்து, அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு முதல் பாட்டு வரும்போது தன்னால் வருகிற சிரிப்பு எனக்கும் தெரியும். என் சண்டை அதற்கப்புறம் நடக்கிற காரியத்தோடுதான். "முன்னாடி ஒரு பைலட் லைட் போட்டா கெத்தா இருக்கும்ல?" என்று கேட்டுக்கொண்டே, கைக்கு எட்டிய வயரில் ஒரு நீல எல்இடியைத் தொங்கவிடுகிறார்கள்.

ஆன்லைனில் விற்கிற சின்ன செட்டுகள் இன்னும் மோசம். வால்வுக்கு அடியிலேயே ஆரஞ்சு எல்இடி வைத்துவிடுகிறார்கள். நிஜ வால்வு சூடாகி மங்கலாகச் சிவக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இங்கே சுவிட்சைத் தட்டியதும் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிறது. பல செட்டுகளில் ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளே ஒளிந்திருக்கிற ஒரு சிப். வால்வுக்கு வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற வேலைதான்.

பைலட் விளக்கு அலங்காரம் இல்லை, சாட்சி. சாட்சி எந்த இடத்தில் நிற்கிறானோ அங்கே பார்த்ததைத்தான் சொல்லமுடியும். வழக்கமாக அந்த விளக்கை வால்வைச் சூடாக்குகிற 6.3 வோல்ட் சுற்றில்தான் கொடுப்போம். அது எரிந்தால் மெயின் ஃபியூஸ் போகவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான். அதே டிரான்ஸ்ஃபார்மரின் இன்னொரு சுற்று 250 வோல்ட் தருகிறது. டயோடைத் தாண்டி கண்டன்சரில் ஏறும்போது, லோடு இல்லையென்றால் அது 350 வோல்ட். ஆளைக் கொல்லக்கூடியது அதுதான். அதைப் பற்றி முன்னால் எரிகிற விளக்குக்கு ஒன்றுமே தெரியாது.

எனக்கு இது புத்தி சொல்லி வந்ததில்லை, அடிபட்டு வந்தது. தென்காசியில் ஒரு சாரல் நாள். வோல்டேஜ் சரிபார்க்க வால்வுகளைக் கழற்றி வைத்திருந்தேன். கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. அணைந்துவிட்டதே என்று ஒரு வயரை நகர்த்தக் கையை விட்டேன். வால்வுகள் சூடாக இருந்திருந்தால் கண்டன்சரில் தேங்கியதை அவையே குடித்துத் தீர்த்திருக்கும். கழற்றி வைத்ததால் 350 வோல்ட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. தூக்கி அடித்ததில் முழங்கை சுவரில் மோதியது. இடது கை சேஸிஸ்மேல் இல்லாதது என் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போயிருக்கும்.

கொடைக்கு மைக்செட் போட்டுப் பழகிய ஒரு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "விளக்கு எரிஞ்சா கரண்டு இருக்குன்னு அர்த்தம்டே. எரியலன்னா விளக்கு எரியலன்னுதான் அர்த்தம்" என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. கரண்ட் போகாமலே பல்பு ஃபியூஸ் ஆகலாம். வயர் விட்டிருக்கலாம். வெளிச்சம் இருந்தால் நம்பலாம், இருட்டை நம்பக்கூடாது.

குற்றாலம் மெயினருவியில் ஆர்ச் இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அந்த ஆர்ச்சுக்குத் தனியாக சுவிட்சு கிடையாது, வயர் கிடையாது. ஆபத்தான அதே தண்ணீர்தான் அதன்மேல் விழுந்து, தான் எவ்வளவு வருகிறேன் என்று காட்டுகிறது. ஆனால் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மழை பெய்தது மேலே மலையில். கீழே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அருவியை. ஆபத்து ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில்.

ஆம்ப்ளிஃபயருக்கும் அப்படி ஒரு ஆர்ச் வைக்கமுடியும். அந்த 350 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நியான் பல்பு, அதோடு தொடராக 470 கிலோ ஓம் ரெசிஸ்டர். வீட்டு டெஸ்டருக்குள் மினுக்குவது அதே நியான்தான். டிசியில் அதன் இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும்தான் ஒளிரும், பயப்படவேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் அது எரிந்துகொண்டிருக்கும், 60 வோல்ட் பக்கம் இறங்கியபிறகுதான் அணையும். பக்கத்திலேயே கண்டன்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 100 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் என்றால், 350 வோல்ட் ஒன்றரை நிமிஷத்துக்குள் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். அந்த ரெசிஸ்டர் செத்துப்போனால் நியான் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எரிந்து காட்டிக்கொடுக்கும். நியானும் ஒருநாள் சாகும். அதனால் கையை விடுமுன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இருக்க எந்த விளக்கும் அனுமதி தராது.

"அழகுக்காக வெச்சா என்ன சார், பழைய ரேடியோ ஃபீல்" என்பார்கள். பழைய ரேடியோவில் டயலுக்குப் பின்னால் எரிந்த பல்பு இருட்டில் ஸ்டேஷன் பெயரைப் படிக்க வைத்தது. சில செட்டுகளில் இருந்த பச்சைக் கண், ஸ்டேஷன் சரியாகச் சிக்கியதா என்று சொன்னது. சிக்னல் கூடினால் அதன் நிழல் சுருங்கும், சிக்னல் இல்லாவிட்டால் விரியும். வேலை பார்த்த வெளிச்சங்கள் அவை. நாம் இன்றைக்கு ஏங்குகிற அழகு அந்த வேலையிலிருந்து வந்தது. வேலையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை மட்டும் எடுத்துவைத்தால் அதற்குப் பெயர் ஞாபகம் இல்லை, சீரியல் லைட்.

நீங்கள் கட்டுகிற செட்டை ஒருநாள் உங்கள் தம்பி திறப்பான், நண்பன் திறப்பான், இருபது வருஷம் கழித்து யாரோ முகம் தெரியாத மெக்கானிக் திறப்பார். முன்னால் இருக்கிற விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கையை விடுவார்கள். அந்த விளக்கு அவர்களிடம் பொய் சொல்லக்கூடாது. முதலில் அந்த 220 கிலோ ஓமையும் நியானையும் போடுங்கள். அதுக்கப்புறம் நீல லைட்டோ பச்சை லைட்டோ, என்ன வேணா மாட்டிக்கோங்க. எனக்கென்ன.