கையில் ஒரு வயதுக் குழந்தை... வேலைக்கு எப்படிப் போவது?

ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமங்களில் நெல் நடவோ கரும்பு வெட்டோ தொடங்கிவிட்டால், பொழுது விடிந்ததும் வீடு காலியாகிவிடும். கைக்குழந்தை? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லையென்றால் வயலோர மரத்தில் கட்டிய சேலைத் தூளியில்.

‘அதான் பால்வாடி இருக்கே!’ என்கிறீர்களா? அங்கு பிள்ளையை விட்டுவிட்டு வருவது 2 வயதுக்கு மேல்தான். அதற்கு முன்பு சத்துமாவு கிடைக்கும், எடை பார்ப்பார்கள். ஆனால், பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இல்லாத தாய்க்கு, ஒன்று கூலி போகும். இல்லையென்றால் குழந்தை வெயிலில் கிடக்கும்.

‘கிண்டர்கார்டன்’ என்ற சொல்லைத் தந்த ஜெர்மனியே இதில் தாமதமாகத்தான் விழித்தது. பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் ஃப்ரோபெல் அந்தப் பெயரை வைத்தது 1840-ல். ஒரு வயது முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பகல்நேரக் காப்பகத்தில் இடம் பெறுவது அங்கே சட்ட உரிமையானது 2013 ஆகஸ்ட்டில். பட்டணமோ, குக்கிராமமோ, உரிமை ஒன்றுதான்.

நமக்கும் ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் தொடங்கலாம். உங்கள் ஊருக்கும் வேண்டுமா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாள்களில் கிராம சபை கூடும். கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து போய் மனு கொடுங்கள். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்பாக்களும் கூடப் போகலாம், குழந்தை இருவருக்கும்தானே!